கழுத்து நாடிகள் ஆளுக்கு ஆள் மாறுவதும் முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழுத்தில் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று கிளினிக்கில் சொன்ன அன்று இரவே வீட்டில் ஒரு கூட்டம் கூடிவிடும். கனடாவில் இருக்கும் மாமா தொலைபேசியில் வருவார், கொடிகாமத்திலிருந்து சித்தப்பா நேரிலேயே வருவார், ஸ்கான் அறிக்கை கைமாறிக் கைமாறிப் போகும். அதில் யாராவது ஒருவருடைய கண்ணில் "இடப்பக்க முள்ளென்பு நாடி சிறியது" என்ற மாதிரி ஒரு வரி பட்டுவிடும். பிறகு அந்த வீட்டில் யாருக்கும் நித்திரை இல்லை.

யாழ்ப்பாணத்தில் மருத்துவ மாணவர்களுக்குப் பல வருடம் உடற்கூற்றியல் படிப்பித்தவன் என்பதால் அப்படியான அறிக்கைகள் என்னிடமும் வந்து சேரும். நான் சத்திரசிகிச்சை நிபுணன் அல்ல. உங்களுக்கு ஒப்பரேசன் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லமாட்டேன். கழுத்துக்குள் எது எங்கே இருக்கும், எங்கே இல்லாமலும் போகலாம் என்று சொல்லத் தெரியும். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், "நாடி" என்று நீங்கள் சொல்வது எதை?

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு வேலை அதிகம். பரியாரியார் மணிக்கட்டில் பிடித்துப் பார்ப்பதும் நாடி, பிள்ளைக்குப் பொட்டு வைக்கும்போது அம்மா பிடிக்கும் முகவாயும் நாடி. இலங்கைப் பாடநூல்களில் இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுபோகும் குழாய் நாடி, திருப்பிக் கொண்டுவருவது நாளம். தமிழ்நாட்டில் அவை தமனி, சிரை. இங்கே நாடி என்றால் அந்தக் குழாய் மட்டும்தான்.

சொல்லோடு சொல்லாக ஒன்று. இதையெல்லாம் தமிழில் எழுதுவது புதுமை அல்ல. 1847இல் இலங்கைக்கு வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலைநாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். அந்தக் காலத்தில் உடற்கூற்றியலுக்கு வழங்கிய பெயர் அங்காதிபாதம். இன்றைக்குச் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள், ஆனால் எனக்கு அந்தச் சொல் பிடிக்கும்.

கழுத்து வழியாக மூளைக்குப் போகும் நாடிகள் எத்தனை?

பெரியவை நான்கு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

முன்னால் போகும் சிரசு நாடிகளை நீங்களே தொட்டுப் பார்க்கலாம். குரல்வளைக்குப் பக்கத்தில் விரலை வைத்தால் துடிப்பது அதுதான். குரல்வளைக் கசியிழையத்தின் மேல் விளிம்பு மட்டத்தில், அதாவது மூன்றாம் நான்காம் கழுத்து முள்ளென்புகளின் உயரத்தில், அது இரண்டாகப் பிரியும். ஒரு கிளை மூளைக்கு, மற்றது முகத்துக்கும் உச்சந்தலைக்கும்.

பின்னால் போகும் முள்ளென்பு நாடிகளைத் தொடமுடியாது. காறை எலும்புக்குக் கீழே கைக்குப் போகும் பெரிய நாடியிலிருந்து இவை பிரிகின்றன. கழுத்தில் ஏழு முள்ளென்புகள் உண்டு. ஒவ்வொன்றின் இரு பக்க முளைகளிலும் ஒவ்வொரு துளை இருக்கிறது. நாடி வழக்கமாக ஏழாவதை விட்டுவிட்டு ஆறாவதன் துளைக்குள் நுழைந்து, மணிகளுக்குள்ளால் நூல் போவது போல முதலாவது வரைக்கும் ஏறும். அத்திலசு எனப்படும் அந்த முதல் முள்ளென்பைத் தாண்டியதும் நேராக மேலே போகாது. பின்பக்கமாக வளைந்து, அதன் பின்வளைவின் மேல் படுத்து, பிறகுதான் மண்டைக்குள் நுழையும். உள்ளே போனதும் இரண்டு பக்க நாடிகளும் மூளைத்தண்டின் முன்னால் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

மூளைக்குப் போகும் குருதியில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு முன்நாடிகள் வழியாகவும் ஐந்தில் ஒரு பங்கு பின்நாடிகள் வழியாகவும் போகிறது. ஒரு பங்குதானே என்று விட்டுவிட முடியாது. மூச்சு, விழுங்குதல், கண் அசைவு ஆகியவற்றை நடத்தும் மூளைத்தண்டும், உடலின் சமநிலையைப் பார்க்கும் மூளியும் (சிறுமூளை), பார்வைக்கான மூளையின் பின்பகுதியும் அந்த ஒரு பங்கில்தான் வாழ்கின்றன. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்றால், அந்தச் சிரசுக்குள்ளும் பிரதானமான இடம் இது.

எல்லாருக்கும் இப்படியேதான் இருக்குமா?

இல்லை. நான் இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

உடற்கூற்றுக் கூடத்தில் புத்தகத்தை ஒரு கையில் வைத்துக்கொண்டு கழுத்தைத் திறக்கும் மாணவர் முதல் வாரத்திலேயே வந்து "சேர், இங்கே பிழையாக இருக்கிறது" என்பார். உடல் பிழையாக இருக்காது. புத்தகத்தில் இருப்பது பெரும்பாலானவர்களின் படம், அவ்வளவுதான். நல்லூருக்குப் போக எல்லாருக்கும் வழி உண்டு. ஒருவர் பெருந்தெருவால் போவார், இன்னொருவர் வேலிக்கும் வேலிக்கும் நடுவே ஓர் ஒழுங்கையால் போவார். இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்ச் சேருவார்கள்.

முள்ளென்பு நாடியை எடுத்துக்கொள்வோம். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறாம் முள்ளென்பில் நுழைகிறது. மற்றவர்களில் பெரும்பாலும் ஐந்தாவதில், சிலருக்கு நான்காவதில் அல்லது ஏழாவதில். நூறு பேரில் ஐந்து பேர் அளவில் இடப்பக்க நாடி காறை எலும்பின் கீழே உள்ள நாடியிலிருந்து பிரியாமல், இதயத்திலிருந்து வரும் பெருநாடியின் வளைவிலிருந்தே நேராகக் கிளம்பும். அப்படிக் கிளம்பும் நாடி பெரும்பாலும் ஆறாவதை விட்டு, அதற்கு மேலே உள்ள துளையில்தான் நுழையும்.

அளவும் மாறும். இரண்டு பக்கமும் சமமாக இருப்பவர்கள் குறைவு. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இடப்பக்கம் பெரியது. வழக்கமான விட்டம் மூன்று நான்கு மில்லிமீற்றர். இரண்டு மில்லிமீற்றருக்கும் குறைவாக, நூல் போல இருக்கும் நாடிகளும் உண்டு. சிலருக்கு ஒரு பக்க நாடி மற்றதோடு சேராமல், மூளியின் ஒரு பகுதிக்குக் குருதி கொடுத்துவிட்டு அங்கேயே முடிந்துவிடும். இன்னும் சிலருக்கு முள்ளென்பின் பக்கச் சுவரைக் குடைந்துகொண்டு நடுக்கோட்டை நோக்கி ஒரு வளையம் போட்டுப் போகும். வயது போகப்போக, பிறஷர் ஏற ஏற, நாடிகள் நீண்டு நெளிவதும் உண்டு.

சிரசு நாடி பிரியும் உயரமும் ஒருவருக்கு ஒருவர் வேறு. சில முதியவர்களுக்கு அது தொண்டையின் பின்சுவருக்குப் பின்னால், நடுவுக்கே வந்துவிடும். வாயைத் திறந்து பார்த்தால் சுவர் துடிப்பது தெரியும்.

ஏன் இப்படி ஆகிறது? அம்மா கர்ப்பமாக இருந்தபோது ஏதாவது பிழை நடந்ததா?

ஒரு பிழையும் நடக்கவில்லை. தயவுசெய்து தாயைக் குற்றம் சொல்லவேண்டாம்.

கரு ஐந்தாறு வார வயதில் இருக்கும்போது கழுத்தின் ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்காக ஒரு சிறிய குழாய் இருக்கும். அவற்றை நெடுக்காக இணைக்கும் சிறு குழாய்கள் தோன்றும். பிறகு குறுக்குக் குழாய்களில் பெரும்பாலானவை மறைந்து, நெடுக்குக் குழாயே முள்ளென்பு நாடியாக நிற்கும். மறைய வேண்டிய ஒன்று மறையாமல் நின்றாலோ, நிற்க வேண்டிய ஒன்று மறைந்தாலோ வழி வேறாகிவிடும். குருதி போய்ச் சேர வேண்டிய இடம் மட்டும் மாறாது. ஆகவே பிள்ளை வழக்கம் போல வளரும், ஓடும், ஏ.எல். எடுக்கும். அறுபது வயதில் கழுத்தில் ஸ்கான் எடுக்கும் வரை யாருக்கும் தெரியாது.

அப்படியென்றால் என் அறிக்கையில் உள்ளது நோயா?

பெரும்பாலும் இல்லை. "இடது நாடி சிறியது", "வலது நாடி மேலோங்கியது" என்பவை இடக்கைப் பழக்கம் போன்ற விவரங்கள். அதற்கு மருந்து இல்லை, மருந்து தேவையும் இல்லை. ஆனால் உங்கள் கழுத்தில் ஒருவர் கருவியோடு வேலை செய்யப் போகிறார் என்றால் அந்த ஒரு வரி அவருக்கு மிகவும் தேவை. அறிக்கை எழுதியவர் அதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை, அவருக்காக எழுதியிருக்கிறார்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள். "பிறவியிலேயே சிறியது" வேறு, "சுவர் கிழிந்துள்ளது", "அடைபட்டுள்ளது", "கொழுப்புப் படிந்து ஒடுங்கியுள்ளது" என்பவை வேறு. பின்னவை நோய்கள். அவற்றை உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

முன்பக்கமாகக் கழுத்தைத் திறக்கும் சத்திரசிகிச்சையில் நாடி எப்படிக் குறுக்கே வரும்?

முள்ளென்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் டிஸ்க் பிதுங்கி நரம்பையோ, முள்ளந்தண்டுக்குள் ஓடும் நரம்புத்தண்டான முண்ணாணையோ அழுத்தும்போது அதிகம் செய்யப்படுவது இதுதான். 1950களில் றொபின்சன், ஸ்மித் என்ற இருவர் விவரித்த வழி. கழுத்தின் முன்பக்க மடிப்பில் சிறியதாக வெட்டி, மூச்சுக்குழாயையும் களத்தையும் (உணவுக்குழாய்) நடுப்பக்கமாக ஒதுக்கி, சிரசு நாடி இருக்கும் உறையை வெளிப்பக்கமாக ஒதுக்கினால், தசையை அதிகம் வெட்டாமலே முள்ளென்புகளின் முன்முகத்துக்குப் போய்விடலாம். உடற்கூற்றியல் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட அழகான வழி உடம்பில் குறைவு. இயற்கையே விட்ட ஒழுங்கை.

அந்த ஒழுங்கையின் வெளிவேலி சிரசு நாடி. அது தொண்டைக்குப் பின்னால் நடுவுக்கு வந்திருந்தால் வேலி வழியின் நடுவே நிற்கிறது என்று அர்த்தம். முன்கூட்டியே படத்தில் கண்டால் மற்றப் பக்கத்தால் போகலாம், அல்லது பின்பக்கமாகச் செய்வதைப் பற்றி யோசிக்கலாம். படத்தில் கவனிக்காமல் போய், விலக்கிப் பிடிக்கும் கருவியை இழுத்தால்தான் ஆபத்து. வயதானவரின் நாடிச் சுவரில் கொழுப்புப் படிந்திருந்தால், நீண்ட நேரம் இழுத்துப் பிடிப்பதையும் மருத்துவர்கள் விரும்பமாட்டார்கள்.

அடுத்தது முள்ளென்பு நாடி. டிஸ்கை நடுவில் சுரண்டும்போது அது பக்கத்தில், எலும்புத் துளைக்குள் பாதுகாப்பாக இருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து விலகி அளவுக்கு மேலே பக்கமாகப் போனால் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். அந்த நாடியே வளையம் போட்டு நடுவை நோக்கி வந்திருந்தால், "வழக்கமான எல்லை" என்று நினைக்கும் இடத்திலேயே நாடி நிற்கும். நான்காவதில் நுழையும் நாடி என்றால் இன்னொரு சிக்கல்: ஐந்தாம் ஆறாம் முள்ளென்புகளின் மட்டத்தில் அது துளைக்குள் இல்லை. எலும்புக்கு முன்னால், தசைக்குக் கீழே மூடப்படாமல் கிடக்கிறது. அந்தத் தசையைப் பக்கவாட்டில் உரிக்கும்போது எதிர்ப்படும்.

இப்படியெல்லாம் எழுதினாலும், முன்பக்கச் சத்திரசிகிச்சையில் முள்ளென்பு நாடி காயப்படுவது அரிது. இருநூறு பேரில் ஒருவரைவிடக் குறைவு.

வலப்பக்கத்தால் வெட்டுவார்களா, இடப்பக்கத்தால் வெட்டுவார்களா? அதற்கும் நாடிக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு, ஆனால் சுற்றிவளைத்து. குரலுக்குப் போகும் நரம்பு வலப்பக்கத்தில் காறை எலும்பின் கீழ் உள்ள நாடியைச் சுற்றிக்கொண்டு மேலே வருகிறது. இடப்பக்கத்தில் பெருநாடி வளைவைச் சுற்றி வருகிறது. நூற்றுக்கு ஒருவர் அளவில் வலக்கைக்குப் போகும் நாடி இடம் மாறி, பெருநாடி வளைவின் கடைசிக் கிளையாகப் பிறந்து, களத்துக்குப் பின்னால் வலப்பக்கம் வருகிறது. அப்போது நரம்புக்குச் சுற்றிவர நாடி இல்லை. அது நேராகக் குறுக்கே குரல்வளைக்குப் போய்விடும். வலப்பக்கத்தால் போகிறவரின் கருவிக்கு முன்னால் எதிர்பாராத ஒரு நரம்பு. குரல் கம்மிப்போனால் காரணம் பெரும்பாலும் நரம்பு இழுபட்டதுதான், அது சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பும். பாட்டு வாத்தியார், ஓதுவார், ஆசிரியர் என்று குரலால் பிழைப்பவராக இருந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவையுங்கள்.

பின்பக்கமாகத் திருகாணி போடுவது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

எல்லாப் பின்பக்கச் சத்திரசிகிச்சையும் அல்ல. முண்ணாணுக்கு இடம் விடுவதற்காகப் பின்வளைவை மட்டும் எடுக்கும்போது நாடி தூரத்தில் இருக்கிறது. மூன்றாவது முதல் ஆறாவது வரையான முள்ளென்புகளின் பக்கத் திணிவில் (பக்கவாட்டில் உள்ள தடித்த எலும்புப் பகுதி) போடும் சிறு திருகாணிகளை வெளிப்பக்கம் சாய்த்துப் போடுவார்கள், நாடியை விட்டு விலகுவதற்காக. ஏழாவதன் துளைக்குள் வழக்கமாக நாடி இல்லை என்பதால் அங்கே நீளமான திருகாணிக்கும் இடம் உண்டு. வழக்கமாக என்று சொன்னதைக் கவனியுங்கள்.

உண்மையான சோதனை மேலே உள்ள முதல் இரண்டு முள்ளென்புகளில். வாத மூட்டழற்சியாலோ, விபத்தாலோ, பிறவியாலோ அந்த மூட்டு ஆடத் தொடங்கினால் இரண்டையும் பிணைக்க வேண்டும். அதற்கு இன்று உலகம் முழுக்கப் பயன்படும் முறைகளில் ஒன்றை மும்பையைச் சேர்ந்த அதுல் கோயல் தன் சக மருத்துவரோடு 1994இல் வெளியிட்டார். முதலாவதன் பக்கத் திணிவில் ஒரு திருகாணி, இரண்டாவதில் ஒன்று, இரண்டையும் இணைக்க ஒரு தகடு. பிறகு 2001இல் ஜெர்மனியின் ஹார்ம்ஸ் தகட்டுக்குப் பதிலாகத் தண்டு வைத்துச் செய்தார். திருகாணியின் தடிப்பு பெரும்பாலும் மூன்றரை மில்லிமீற்றர்.

பிரச்சினை இரண்டாவது முள்ளென்புக்குள் இருக்கிறது. நாடி அங்கே நேராக ஏறாமல் வெளிப்பக்கம் திரும்புகிறது. அந்தத் திருப்பம் சிலருக்கு மேலேயும் உள்ளேயும் அளவுக்கு மீறிப் போய், எலும்பைக் கீழிருந்து குடைந்து மெலிதாக்கிவிடும். ஐந்து பேரில் ஒருவர் அளவில் ஒரு பக்கமாவது இப்படி இருக்கிறது. மூன்றரை மில்லிமீற்றர் திருகாணிக்கு மூன்று மில்லிமீற்றர் எலும்புதான் இருக்கிறது என்றால் அங்கே போடக்கூடாது, அவ்வளவுதான். ஆனால் வேறு வழிகள் உண்டு. குறுகிய திருகாணியை நாடிக்கு முன்னமே நிறுத்தலாம். பின்வளைவுக்குள் குறுக்காகப் போடலாம். அல்லது அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு மூன்றாவதில் பிடிக்கலாம். இவற்றில் எது என்பது தியேட்டருக்குள் போவதற்கு முன்னரே முடிவாகியிருக்க வேண்டும்.

முதலாவது முள்ளென்பிலும் ஒரு பொறி உண்டு. பின்வளைவின் மேலே நாடி படுத்திருக்கும் பள்ளத்துக்கு மேலாகச் சிலருக்கு ஓர் எலும்புப் பாலம் வளர்ந்துவிடும். பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் இருக்கிறது, அபூர்வம் அல்ல. மேலிருந்து பார்ப்பவருக்கு "இந்த வளைவு நல்ல தடிப்பு, திருகாணிக்கு நல்ல இடம்" என்று தோன்றும். பாலத்துக்குக் கீழே நாடி ஓடுகிறது. பக்கவாட்டு எக்ஸ்றேயிலேயே தெரியக்கூடிய விஷயம் இது. பார்க்கவேண்டும் என்று நினைத்துப் பார்த்தால்.

இன்னும் அரிதாக, நாடி முதலாவதன் மேலால் போகாமல் கீழால் நுழைந்துவிடும், அல்லது இரண்டாகப் பிரிந்து மேலாலும் கீழாலும் போய்ச் சேரும். பின்வளைவில் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை சென்ரிமீற்றருக்கு மேல் பக்கமாகப் போகாதே, மேல்விளிம்பில் ஒரு சென்ரிமீற்றரைத் தாண்டாதே என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்போம். கீழால் வரும் நாடிக்கு அந்தக் கணக்கு தெரியாது.

நாடி வெட்டுப்பட்டால் ஆள் செத்துவிடுவாரா?

மேசையில் அப்படி இழப்பது அரிது. பிரகாசமான சிவப்புக் குருதி வேகமாக வரும். உடனே அழுத்தி அடைப்பார்கள். திருகாணிக்காகத் துளைத்த துளையிலிருந்து வந்தால், சில வேளை அந்தத் திருகாணியையே போட்டு அடைத்துவிடுவார்கள். பிறகு ஒரு விதி இருக்கிறது: மற்றப் பக்கத்தில் அந்த ஆபத்தான திருகாணியைத் தொடாதே. இரண்டு பக்கமும் போனால் தாங்காது. ஒப்பரேசன் முடிந்ததும் நாடிக்குச் சாயம் ஏற்றிப் படம் எடுத்து, சுவரில் வீக்கமோ கசிவோ இருந்தால் தொடை அல்லது கை வழியாக மெல்லிய குழாய் விட்டு உள்ளிருந்தே அடைப்பார்கள்.

மற்றப் பக்க நாடி நன்றாக இருந்தால் பலருக்கு ஒரு குறையும் வராது. அது சிறியதாக இருந்தாலோ, மூளைத்தண்டின் முன்னால் போய்ச் சேராமல் பாதியில் முடிந்தாலோ பாரிசவாதம் வரலாம்: விழுங்கமுடியாமை, தள்ளாட்டம், முகத்தில் ஒரு பக்கமும் உடலில் மறுபக்கமும் உணர்ச்சி குறைதல். ஆகவேதான் எந்தப் பக்கம் பெரியது என்ற அந்த ஒரு வரி. பெரிய நாடி இருக்கும் பக்கத்தில் எலும்பும் மெலிதாக இருந்தால், கெட்டிக்காரர் அங்கே வீரம் காட்டமாட்டார்.

பனையிலிருந்து விழுந்தவருக்கும் இதே கவனம் வேண்டுமா?

இன்னும் அதிகம். பனை, தென்னை, கிணற்றுக்கட்டு, மோட்டார் சைக்கிள் என்று எங்கள் பக்கத்தில் கழுத்து முறியும் வழிகள் தெரிந்தவைதான். முறிவு அந்தப் பக்கத் துளைக்குள்ளால் போயிருந்தாலோ மூட்டு விலகியிருந்தாலோ, நாடி அப்போதே கிழிந்தோ அடைபட்டோ இருக்கலாம். ஆள் தெளிவாகக் கதைத்துக்கொண்டிருப்பார், ஒரு பக்க நாடி மூடியிருக்கும். அப்படியானால் மற்ற நாடிதான் அவருக்கு மிஞ்சிய ஒரே பின்வழி. அந்தப் பக்கத்தில் திருகாணி போடுவதா என்ற கேள்வியே வேறாகிவிடும். ஆகையால் இப்படியான முறிவுகளில் எலும்பைப் படம் எடுப்பதோடு நாடியையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் பருக்கவேண்டாம். முறிவு நெரிவு வைத்தியரிடம் முதலில் கொண்டுபோகவும் வேண்டாம். கை கால் முறிவில் அவர்களுடைய கைத்திறனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கழுத்து வேறு. அசைக்காமல் பலகையில் கிடத்தி நேரே பெரியாஸ்பத்திரிக்கு.

எந்தப் படத்தில் நாடி தெரியும்?

எக்ஸ்றேயில் நாடி தெரியாது. மேலே சொன்ன எலும்புப் பாலம் மாதிரிச் சில தடயங்கள் தெரியும். முண்ணாணுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் ஓடும் குருதி கறுப்புப் புள்ளியாகத் தெரியும். முன்பக்க ஒப்பரேசனுக்குப் பல வேளைகளில் அந்தப் புள்ளிகளை மட்டம் மட்டமாகப் பார்த்தாலே போதும். பலர் அந்தப் படத்தில் டிஸ்கை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை. சி.ரி. ஸ்கான் எலும்பின் தடிப்பையும் துளையின் இடத்தையும் மில்லிமீற்றர் கணக்கில் காட்டும். சாயம் ஏற்றி எடுக்கும் சி.ரி.யில் நாடியே வெள்ளையாகத் தெரியும். முதல் இரண்டு முள்ளென்புகளில் திருகாணி என்றால் இதை எதிர்பார்க்கலாம்.

சாயம் ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், சலம் போய்விட்டது போல இருக்கும். போயிருக்காது. சிறுநீரகக் கோளாறு இருந்தால், முன்பு சாயத்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால், சீனி வருத்தத்துக்கு மெற்போமின் எடுத்தால், மேசையில் ஏறும் முன் சொல்லுங்கள்.

எனக்குத் தலைசுற்றுக் குணம். சிறிய நாடிதான் காரணமா?

அநேகமாக இல்லை. தலைசுற்று பெரும்பாலும் காதுக்குள் இருந்து வருகிறது. கழுத்தைத் திருப்பும்போது நாடி நெரிபட்டு மயக்கம் வருவது உண்மையில் உண்டு, ஆனால் மிக அரிது. ஆனால் திடீரெனத் தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, நாக்குக் குழறல், ஒரு பக்கம் விறைப்பு என்று வந்தால் இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சலூனில் கழுத்தைச் சடக்கென்று திருப்பி நெட்டி முறிப்பது?

வேண்டாம். நாடி முதலாவதையும் இரண்டாவதையும் தாண்டும் இடத்தில்தான் கழுத்து அதிகம் திரும்புகிறது. சடுதியாகத் திருப்பினால் உட்சுவர் கிழியக்கூடும். ஆயிரம் பேருக்கு ஒன்றும் நடக்காது, உண்மைதான். தலைமயிர் வெட்டப் போனவர் தலைமயிரை மட்டும் வெட்டிக்கொண்டு வரலாமே.

என் பிள்ளைகளுக்கும் ஸ்கான் எடுக்கவேண்டுமா?

தேவையில்லை. கழுத்தில் ஒப்பரேசன் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். டவுன் குறைபாடு உள்ளவர்கள், பிறவியிலேயே கழுத்து முள்ளென்புகள் ஒட்டியிருப்பவர்கள், அத்திலசு மண்டையோட்டோடு ஒட்டியிருப்பவர்கள் ஆகியோரில் நாடி வழிமாறியிருப்பது அதிகம். அவர்களுக்கு ஒப்பரேசன் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

மருத்துவரிடம் என்ன கேட்கலாம்? கேட்டால் கோபிப்பாரா?

நல்ல மருத்துவர் கோபிக்கமாட்டார். கிளினிக்கில் நேரம் குறைவு, ஆகவே சுற்றிவளைக்காமல் கேளுங்கள். "டொக்டர், என் நாடிகள் எந்தப் பக்கம் பெரிசு? நீங்கள் போகும் வழியில் ஏதாவது வித்தியாசம் இருக்கா?" இந்த இரண்டும் போதும். திருகாணி போடுவதாக இருந்தால் "அந்த இடத்தில் எலும்பு போதுமா?" என்றும் கேட்கலாம். அவர் படத்தைத் திரையில் போட்டு விரலால் காட்டினால் நீங்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அஸ்பிரின் போன்ற குருதி உறையாமைக்கான மருந்து எடுப்பவர்கள் அதை எப்போது நிறுத்துவது என்றும் அப்போதே கேளுங்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம்.

வித்தியாசம் இருக்கிறது என்று அவர் சொன்னால் ஒப்பரேசன் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் பக்கம் மாறும், திருகாணியின் நீளம் மாறும், சில வேளை திகதி மாறும்.

இதெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

பாதி ஸ்கானால், பாதி இறந்தவர்களால். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. எங்கள் மாணவர்கள் கழுத்தைப் படித்தது தங்கள் உடலை எழுதிக்கொடுத்துவிட்டுப் போனவர்களிடம்தான். ஐந்தாவதில் நுழைந்த ஒரு நாடியை நான் முதன்முதலில் கையால் தொட்டுப் பார்த்தது ஒரு முதியவருடைய கழுத்தில். அவருக்கே தெரியாமல் அதை ஆயுள் முழுக்கச் சுமந்திருக்கிறார்.

பழைய ஸ்கான் படங்களை எறிந்துவிடலாமா?

வேண்டாம். வயதோடு நாடி கொஞ்சம் நெளிந்திருக்கலாம், ஆனால் அது எந்தத் துளையில் நுழைகிறது என்பது பிறவியில் வந்தது, பத்து வருடத்துக்கு முன் எடுத்த படத்திலும் அப்படியேதான் இருக்கும். வேறு காரணத்துக்காக எடுத்த கழுத்துப் படம் என்றாலும் கொண்டுபோங்கள். அறிக்கைத் தாளை மட்டுமல்ல, படத்தையும், சீடி தந்திருந்தால் சீடியையும். தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும், இடையில் தாள் வைத்து அலுமாரியில் போடுங்கள்.